இல்லை என்று சொல்லத் தெரியாத பெட்டி

“மேடம், ஒரு கெட்ட சேதி. நீங்க தொலைஞ்சு போயிட்டீங்க.”

ஆதவன் சொன்னதற்கு சந்திரகலா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே வாசலை அடைத்துக்கொண்டு நின்ற வெள்ளை ஆம்னி வேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலூரில் துப்பறியும் ஏஜென்சி நடத்துகிறவள். மாப்பிள்ளை குடிப்பானா, பெண்ணுக்கு வேறு இடத்தில் மனசிருக்கிறதா என்று விசாரித்துச் சொல்வதுதான் பிழைப்பு; எப்போதாவது இப்படி உயிர் சம்பந்தப்பட்ட வழக்கும் வரும். கோபம் வந்தால் அவளுக்குப் பேச்சு குறைந்துவிடும். உதவியாளனாகச் சேர்ந்த நாளிலிருந்து ஆதவன் அவளிடம் வாங்கிய சம்பளத்தைவிட முறைப்புதான் ஜாஸ்தி.

“விளையாடற நேரமாடா இது?”

“சத்தியமா மேடம். நீங்களே வந்து பாருங்க.”

வந்து பார்த்தாள். திருவண்ணாமலை தேரடித் தெருவில் இருந்த அந்தப் பிரவுசிங் சென்டரில் ஆளுக்கொரு பலகைத் தடுப்பு, தடுப்புக்குள் ஒரு கம்ப்யூட்டர், முழங்கால் இடிக்கும் ஸ்டூல். சித்திரை வெயிலுக்கு மேலே ஒரு ஃபேன் பேருக்குச் சுற்றியது. உள்ளே வர ஒரே வாசல், வெளியே போகவும் அதே வாசல். காலையிலிருந்து அதற்குள் உட்கார்ந்திருந்ததில் ஆதவனுக்கு மூச்சு முட்டியது. பொழுது போகாமல்தான் மேடத்தின் பெயரை அடித்துப் பார்த்தான்.

திரையில் பச்சைப் பட்டை ஒன்று பளிச்சென்று நின்றது. ‘இந்தப் பெயரில் பதிவு உள்ளது. முகாமுக்கு நேரில் வரவும்.’

பக்கத்து ஸ்டூலில் இருந்த தென்றல் அந்தப் பட்டையைப் பார்த்ததும் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்தாள். பையில் அவள் அம்மாவின் சர்க்கரை மாத்திரைகள் இருந்தன. இதே பச்சைப் பட்டையை நம்பித்தான் அந்தப் பெண் பொழுது விடிந்தால் பஸ் ஏறிக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். தென்றலின் அம்மா காசியம்மாள், அடி அண்ணாமலைக்காரி, கைம்பெண். சித்ரா பௌர்ணமி அன்று கொழுந்தன் சடையனோடு கிரிவலம் போனாள். சடையன் மட்டும் வீடு திரும்பினான். கூட்டத்தில் அண்ணிக்குத் தலை சுற்றியது, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தொண்டர்கள் போட்டிருந்த ‘காணாமல் போனோர் முகாமில்’ உட்கார வைத்தேன், தண்ணீர் வாங்கி வருவதற்குள் ஆளைக் காணோம் என்றான். போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினாள் தென்றல். ஏட்டு முருகவேல் நல்ல மனுஷர்தான். “முகாம்காரங்க இன்டர்நெட்ல ஒரு பக்கம் போட்டிருக்காங்கம்மா, பேரை அடிச்சா இருக்காங்களா இல்லையான்னு சொல்லிடும்” என்று வழி காட்டினார். அடித்தாள். இருக்கிறாள் என்றது.

அவ்வளவுதான், அத்தோடு எல்லாக் கதவும் சாத்திக்கொண்டது. முகாம் பந்தலைப் பிரித்தாயிற்று. அங்கிருந்தவர்களை நாலைந்து ஊர்களில் உள்ள காப்பகங்களுக்கு வேனில் அனுப்பியாயிற்று. யாரை எங்கே அனுப்பினார்கள் என்று சரியாகச் சொல்ல ஆளில்லை. ஏட்டய்யா தேட மாட்டேன் என்கிறார். “கம்ப்யூட்டரே இருக்காங்கன்னு சொல்லுதேம்மா, இருக்கறவங்களை எப்படி காணோம்னு எழுதறது?” என்கிறார். போளூர், ஆரணி, செங்கம் என்று ஊர் ஊராகக் காப்பகம் ஏறி இறங்கினாள் தென்றல். எங்கேயும் அம்மா இல்லை. இல்லை என்று திரை சொல்லியிருந்தால் மலையைச் சுற்றி ஒவ்வொரு வீடாகத் தட்டியிருப்பாள். இருக்கிறாள் என்று சொல்லிவிட்டதே, எங்கே போய்த் தேடுவது?

“இன்னொரு பேரு அடி” என்றாள் சந்திரகலா.

ஆதவன் ‘மண்ணாங்கட்டி’ என்று அடித்தான். பதிவு உள்ளது.

“இது யாரு?”

“எங்க தாத்தா மேடம். முன்னாடி பொறந்த கொழந்தைங்க எதுவும் தங்கலைன்னு இவருக்கு இப்படிப் பேரு வெச்சு, எமனை ஏமாத்திட்டாங்க. அவரு செத்தே வருஷக்கணக்காச்சு. இப்போ முகாம்ல இருக்காராம், நேர்ல வரச் சொல்றாங்க.”

“இன்னொண்ணு.”

‘சாம்பார்’ என்று அடித்தான். சாம்பாரும் இருந்தது. ‘மலை’ என்று அடித்தான்.

“மலையே தொலைஞ்சு போச்சு மேடம். ஊரு ஜனம் இவ்ளோ நாளா எதைச் சுத்துதுன்னு தெரியல.”

தென்றல் சிரிக்கவில்லை. அவள் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. “அப்ப எங்கம்மா?” என்றாள். ஆதவனுக்குத் தன் நாக்கைத் தானே கடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. சீ, என்ன மனுஷன் நாம் என்று தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போதுதான் வந்து கல்லாவில் உட்கார்ந்த பெண்ணை சந்திரகலா கையசைத்துக் கூப்பிட்டாள். அவள் பெயர் ஆர்த்தி, கம்ப்யூட்டர் படிப்பு முடித்தவள். முகாமுக்காக அந்தப் பக்கத்தை எழுதிக் கொடுத்தவளும் அவள்தான். பௌர்ணமி முடிந்த கையோடு உறவுக்காரக் கல்யாணத்துக்குப் போய்விட்டு இன்று காலைதான் ஊர் திரும்பியிருந்தாள். அவளுக்காகத்தான் இவர்கள் இந்தக் கூண்டில் காத்துக் கிடந்தார்கள். சாம்பாரைப் பார்த்ததும் ஆர்த்திக்கு வியர்த்துவிட்டது.

“ஐயோ” என்றாள். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு தன் எழுத்துகளைத் திரையில் திறந்தாள். கொஞ்ச நேரம் உதட்டைக் கடித்தபடி படித்தாள். பிறகு நெற்றியில் அறைந்துகொண்டாள்.

“எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா” என்றாள் சந்திரகலா.

“பேரு, ஊரு எல்லாம் டேட்டாபேஸ்ல இருக்குக்கா. இந்தப் பேருல யாராச்சும் இருக்காங்களான்னு என் பக்கம் அதுகிட்ட கேக்கும். அது தேடிப் பாத்துட்டு ஒரு சீட்டு மாதிரி குடுக்கும். ஆள் இருந்தா சீட்டுல வரி இருக்கும், இல்லைன்னா வெறும் சீட்டு. நான் சீட்டு வந்துச்சான்னு மட்டும் பாத்துட்டு ‘பதிவு உள்ளது’ன்னு போட வெச்சிட்டேன். சீட்டுல வரி இருக்கான்னு எண்ணவே இல்ல.”

“கடைக்கு அனுப்பின ஆளு திரும்பி வந்துட்டான். பையைத் தொறந்து பாக்காமலே சர்க்கரை வந்துடுச்சுன்னு அடுப்புல பாலை ஏத்திட்டீங்க” என்றான் ஆதவன்.

“அதேதாண்ணா.”

“இத்தனை பேர்ல ஒருத்தரும் கண்டுபிடிக்கலையா?” என்றாள் சந்திரகலா.

ஆர்த்தியின் குரல் இறங்கிப்போனது. “நான் பதிஞ்ச பேருங்களைத்தான் அடிச்சு சோதிச்சேன். எல்லாம் இருக்குன்னு வந்துச்சு. சந்தோஷமா வுட்டுட்டேன். நான் ஊருக்குப் போன அப்புறமும், தொலைஞ்சவங்க பேரைத்தானே யாரும் அடிப்பாங்க? சாம்பாரை யாரு அடிப்பாங்க?”

“எங்க ஆளு அடிப்பான்” என்றாள் சந்திரகலா. அவள் ஆதவனைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. “சாம்பார் பக்கத்தை அப்படியே ஒரு பிரின்ட் எடுத்துக் குடு. அப்புறம் இதைச் சரி பண்ணு.”

சரிபண்ண அதிக நேரம் ஆகவில்லை. வரியை எண்ணச் சொல்லி ஒரே ஒரு இடத்தில் மாற்றி எழுதினாள். மண்ணாங்கட்டி இல்லை. மலை இல்லை. சந்திரகலா இல்லை. கடைசியில் காசியம்மாள் என்று அடித்துவிட்டு ஆர்த்தி கையை எடுத்துக்கொண்டாள். பட்டை சிவப்பாக வந்தது.

‘இந்தப் பெயரில் பதிவு இல்லை.’

தென்றல் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். சத்தம் வெளியே வரவில்லை. பாழாய்ப்போன பெட்டியை நம்பி எத்தனை நாள் வீணாகிவிட்டது! மாத்திரை இல்லாமல் அம்மா எங்கே கிடக்கிறாளோ!

“அழு, ஆனா கேக்கறதுக்குப் பதில் சொல்லிக்கிட்டே அழு” என்றாள் சந்திரகலா. “இந்தப் பக்கம் ‘இருக்கு’ன்னு சொன்னதை உன் சித்தப்பாகிட்ட எப்ப சொன்ன?”

“பௌர்ணமிக்கு மறுநாள்க்கா. எங்க வூட்டுல சாப்டுட்டு இருந்தாரு. அம்மா முகாம்ல இருக்காங்களாம் சித்தப்பான்னு ஓடிப்போய் சொன்னேன். சோத்துல கை வெச்சவரு அப்படியே எழுந்துட்டாரு. கை கூட கழுவல. நான் போய் கூட்டினு வரேன்னு வண்டியை எடுத்துட்டாரு.”

“நீ கூடப் போகலையா?”

“வரேன்னு சொன்னேன். நீ இரு பாப்பான்னுட்டாரு. ராத்திரி வந்து, அம்மாவை வேன்ல எந்த ஊருக்கோ அனுப்பிட்டாங்களாம்னாரு.”

“எந்தப் பக்கம் போனாரு?”

தென்றல் சட்டென்று நிமிர்ந்தாள். கண்ணீர் கன்னத்திலேயே நின்றது. “செங்கம் ரோடு பக்கம்” என்றாள் மெதுவாக. “கிரிவலக் கூட்டம் அன்னிக்கும் ஓயல. எல்லாரும் இடமிருந்து வலமா வந்துட்டிருந்தாங்க. இவரு எதிர்த்தாப்புல ஹாரன் அடிச்சிக்கினே உள்ள பூந்து போனாரு. நடந்து வந்தவங்கல்லாம், யாருய்யா இவன் அப்பிரதட்சணமா போறான்னு திட்டினாங்க.”

இதற்கு ஊர்க்காரனுக்கு விளக்கம் வேண்டாம். அடி அண்ணாமலையிலிருந்து பஸ் ஸ்டாண்டு முகாமுக்குப் போகிறவன் கூட்டத்தோடு கூட்டமாய்க் குபேரலிங்கம் வழியாக டவுனுக்குள் வந்திருக்க வேண்டும். மலையை எதிர்ச்சுற்றாகச் சுற்றப் பச்சைப் பிள்ளைகூடத் துணியாது. அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு எதிர்ப்பக்கம் ஓடினானென்றால் அவனுக்கு முகாமில் வேலை இல்லை.

“பொய் சொன்னவன் அவன்” என்றாள் சந்திரகலா. “அண்ணியை முகாம்ல வுட்டேன்னு வாய்க்கு வந்ததைச் சொன்னான். கம்ப்யூட்டர் ஆமாம்னு சொல்லிடுச்சு. ஊருக்கே நிம்மதி, அவனுக்கு மட்டும் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ஆயிடுச்சு. பூட்டி வெச்சவ எப்படித் தப்பிச்சு முகாமுக்குப் போனான்னு பூட்டைப் பாக்க ஓடியிருக்கான். பூட்டு பூட்டினபடியே இருந்திருக்கு. பெட்டி பைத்தியம்னு அன்னிக்கே தெரிஞ்சுக்கிட்ட ஆளு இந்த ஊர்ல அவன் ஒருத்தன்தான்.”

“எதுக்குக்கா பூட்டணும்? இன்னிக்குக்கூட நம்மளை வண்டியில கூட்டினு வந்தாரே…” என்று ஆரம்பித்த தென்றல், பாதியில் நிறுத்திவிட்டாள். நிலம்! கிரிவலப் பாதையை ஒட்டிய பங்கு நிலத்தை விற்கலாம் என்று சடையன் நச்சரித்துக்கொண்டிருந்தான். அண்ணி கைநாட்டு வைக்க மாட்டேன் என்றிருந்தாள். மெட்ராஸ் பார்ட்டி இன்று சாயங்காலம் வருகிறான் என்று வேன் ஓட்டிக்கொண்டே அவன் செல்போனில் பேசியதைத் தென்றல் தன் காதால் கேட்டிருந்தாள்.

நாலு பேரும் ஒரே நேரத்தில் கண்ணாடிக் கதவைப் பார்த்தார்கள். சடையன் வேன் மேல் சாய்ந்து டீ குடித்துக்கொண்டு இவர்களைப் பார்த்துச் சிரித்தான். ஆறுதலாய்த் தலையை ஆட்டினான். காலையில் இவர்களை ஏற்றி வந்து இறக்கியதும் அவன்தான். இடுப்பில் ஒரு கொத்துச் சாவி தொங்கியது. ரமணாசிரமம் பக்கம் வாடகைக்கு இருக்கும் வெள்ளைக்காரர்கள் வெயில் ஆரம்பித்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊர் போய்விடுவார்கள், அந்த வீடுகளை எல்லாம் பார்த்துக்கொள்வது சடையன். அத்தனை வீடும் இப்போது காலி.

“ஏட்டைக் கூட்டிக்கிட்டு ஒவ்வொரு வீடா ஒடைப்போம் மேடம்.”

“முதல் வீட்டை ஒடைக்கறதுக்குள்ள அவனுக்கு சேதி போயிடும். ஆளை மாத்திடுவான், இல்ல அதுக்கும் மேல ஏதாச்சும் பண்ணிடுவான்.” சந்திரகலா ஒரு நிமிஷம் நகத்தைக் கடித்தாள். “அவனே வீட்டைக் காட்டட்டும். ஆர்த்தி, காசியம்மாள்னு ஒரு பதிவு போடு. இன்னிக்குக் காலையில சேர்த்ததா இருக்கட்டும்.”

“அவன்தான் பெட்டி பைத்தியம்னு தெரிஞ்சவனாச்சே மேடம், நம்புவானா?”

“எல்லாத்துக்கும் தலையாட்டற வாயை எவன் நம்புவான்? நாலு தடவை இல்லைன்னு சொல்லிட்டு, அஞ்சாவது ஆமாம்னு சொல்லட்டும். அப்ப பாரு.” ஆதவன் சட்டைப் பையிலிருந்து செல்போனை அவளே உருவி எடுத்தாள். “அவன் முகம் மாறின உடனே நீ வெளிய போயி வேனோட பின்கதவு வழியா ஏறிடு. இது உன்கிட்ட இருந்தா அடிச்சு மானத்தை வாங்கும். நாங்க ஆட்டோவுல வரோம். சாம்பார் பிரின்ட்டைக் காட்டி நான் ஏட்டைக் கூட்டினு வரேன்.”

சடையனைக் கூப்பிட்டார்கள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பவ்யமாக உள்ளே வந்தான். “இன்னா மேடம், துப்பு கெடைச்சுதா?”

“இந்தப் பக்கத்துல தப்பு இருந்துச்சாம்ண்ணா. இப்ப சரி பண்ணிட்டாங்க. நீங்களே ஒரு பேரு சொல்லுங்க” என்றாள் சந்திரகலா.

சடையன் யோசித்துத் தன் பெயரையே சொன்னான். இல்லை என்றது. செத்துப்போன அண்ணன் பெயரைச் சொன்னான். இல்லை. தன் பெண்டாட்டி பெயர், மாமனார் பெயர், இரண்டும் இல்லை. “பரவால்லியே, சரியாத்தான் சொல்லுது” என்று உதட்டைப் பிதுக்கினான். திரை மேல் அவனுக்கு மரியாதை வந்துவிட்டதை ஆதவன் கதவோரம் நின்று பார்த்தான்.

“இப்ப அம்மா பேரை அடிங்க” என்றாள் தென்றல். அவள் குரல் நடுங்கியதற்கு நடிப்பே தேவைப்படவில்லை.

பச்சைப் பட்டை வந்தது. ‘பதிவு உள்ளது. இன்று காலை சேர்க்கப்பட்டார்.’

சடையனின் கை தன்னையறியாமல் இடுப்புச் சாவிக்குப் போனது. அதற்கு மேல் பார்க்க ஆதவனுக்கு வேலை இல்லை. “அத்தாட்சிக்கு ஒரு பிரின்ட் எடுத்துட்டுப் போங்கண்ணா” என்று மேடம் அவனைப் பிடித்து நிறுத்துவதும், பிரின்டர் கிர்ர் கிர்ர் என்று இழுப்பதும் முதுகுக்குப் பின்னால் கேட்டது. வேனின் பின்கதவைத் தூக்கி, உள்ளே சுருண்டு, மெல்லச் சாத்திக்கொண்டான்.

சாத்திய பிறகுதான் தெரிந்தது, அங்கே ஏற்கெனவே ஒருத்தர் குடியிருந்தார். சமையல் கேஸ் சிலிண்டர். பெட்ரோல் விலைக்குப் பயந்து சடையன் வண்டியைச் சிலிண்டரில் ஓட்டிக்கொண்டிருந்தான், மகராசன். டியூப் எங்கோ லேசாய்க் கசிந்தது. பழைய போர்வையை இழுத்து மேலே போட்டுக்கொண்டு, சிலிண்டரைக் கட்டிப் பிடித்தபடி ஆதவன் படுத்தான். நினைத்தாலே முக்தி தரும் ஊர் இது, வெடித்தால் நினைக்கக்கூட அவகாசம் இருக்காது என்று தோன்றியது. சிரிப்பு வரவில்லை.

“நீ இரு பாப்பா, நான் கூட்டினு வரேன்” என்ற சத்தம் கேட்டது. வேன் குலுங்கிக் கிளம்பியது.

போர்வைக்குள் ஒரே புழுக்கம். கேஸ் நாற்றம் தலைக்கு ஏறியது. வியர்வை கண்ணில் வழிய, துடைக்கக் கையை எடுத்தால் சிலிண்டர் உருண்டு மேலே சாய்ந்தது. பின்கதவுக்கு உள்ளே கைப்பிடி கிடையாது என்பதும் இப்போதுதான் உறைத்தது. உள்ளே வந்தாயிற்று, வெளியே எப்படிப் போவது? ரமணாசிரமத்து மயில் ஒன்று எங்கோ அகவியது. செங்கம் ரோடுதான், சந்தேகமில்லை. பின்னால் ஆட்டோ சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினான். லாரி ஹாரனும் பஸ் ஹாரனும்தான் கேட்டன. ஆட்டோவைக் காணோம். அந்த அம்மா இப்படித்தானே, ஒரு இருட்டில், யாராவது வருகிறார்களா என்று கேட்டுக்கொண்டே கிடந்திருப்பாள்? அதுவும் இத்தனை நாள்!

வேன் மண் பாதையில் திரும்பி, குதித்துக் குதித்துப் போய் நின்றது. சடையன் இறங்கி ஓடினான். சாவிக் கொத்து குலுங்கியது, பூட்டு திறந்தது, கதவு கிறீச்சிட்டது.

“இங்கதான் இருக்கியா நீ!” என்று சடையன் கத்தினான்.

பதிலுக்கு ஒரு பெண் குரல். தேய்ந்துபோன குரல். “நான் எங்கப்பா போவேன்?”

உயிரோடு இருக்கிறாள்! ஆதவன் போர்வையை உதறிவிட்டு சீட்டுக்கு மேல் ஏறி முன்பக்கம் குதித்தான். மாந்தோப்புக்குள் தனியாக ஒரு வீடு. சுற்றிலும் ஆள் நடமாட்டமே இல்லை. ஆட்டோ வரவில்லை. போய் மோதலாம் என்றால் சடையன் கடப்பாரை மாதிரி ஆள், இவன் துடைப்பக் குச்சி. அப்போதுதான் வண்டிச் சாவி வண்டியிலேயே தொங்குவதைக் கண்டான். பதறிப்போனவன் எடுக்க மறந்திருக்கிறான்.

நாலு கதவையும் உள்ளிருந்து பூட்டினான். கண்ணாடியை ஏற்றினான். பிறகு இரண்டு கையையும் ஹாரன் மேல் வைத்து, தன் முழு எடையையும் அதன் மேல் போட்டான்.

மாந்தோப்பே அலறியது. காக்கைகள் கூட்டமாய்க் கிளம்பின. சடையன் வெளியே ஓடி வந்தான். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்ததும் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

“டேய்! தொறடா! தொறக்கறியா இல்லியா!”

பூட்டாத பின்கதவு அவன் நினைவுக்கே வரவில்லை, கண்ணாடியில் குத்தினான். கல்லை எடுத்து அடித்தான். கண்ணாடி சிலந்தி வலையாய் விரிசல் விட்டது. ஆதவன் ஹாரனை விடவில்லை. வெளியே போக முடியாமல் உள்ளே இவன், தப்பி ஓட வண்டி இல்லாமல் வெளியே அவன்.

“அண்ணே, பதிவு இருக்குண்ணே! நேர்ல வரவும்!” என்று உள்ளிருந்து கத்தினான் ஆதவன். பயத்தில் அவன் குரல் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. இரண்டாவது கல் கண்ணாடியைப் பொத்துக்கொண்டு வந்து அவன் தோளில் விழுந்தது. மூன்றாவதற்குச் சடையன் குனிந்தபோது, ஹாரன் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே வந்த ஆட்டோ தோப்புக்குள் பாய்ந்தது. அது நிற்பதற்குள் ஏட்டு முருகவேல் குதித்தார். அவர் கையில் இன்னும் அந்தச் சாம்பார் காகிதம் இருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டுச் சடையனின் சட்டையைப் பிடித்தார்.

“ஏன்யா, என்னையே மடையனாக்கிட்டல்ல?” என்று ஒன்று வைத்தார். கம்ப்யூட்டர் மேல் இருந்த கோபமும் சேர்ந்தே அந்த அடியில் இறங்கியது.

தென்றல் யாரையும் பார்க்கவில்லை. நேராக வீட்டுக்குள் ஓடினாள். ஆதவன் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனான். உள் அறையில், சன்னல் எல்லாம் பலகை அடித்திருக்க, தரையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள் காசியம்மாள். உதடு வெடித்திருந்தது. கால் வீங்கியிருந்தது. மகளைப் பார்த்து அவள் கையை நீட்டவில்லை. வேறு யாரையோ பார்ப்பது போலப் பார்த்தாள்.

“அம்மா!”

“நீ தேடவே இல்லைன்னு சொன்னாண்டி” என்றாள் காசியம்மாள். “தெனமும் சோறு வெச்சுட்டுச் சொல்லுவான். போலீஸ்ல காணோம்னு எழுதக்கூட இல்ல, உன் பொண்ணு வூட்டுலதான் இருக்கா, உன்னை ஒருத்தரும் தேடலைன்னு. மொதல்ல நான் நம்பல. அப்புறம் யாரும் வரலியே. இன்னிக்கு சாயங்காலம் கைநாட்டு வெச்சுடறேன்னு சொல்லிட்டேன். ஒருத்தரும் தேடாத பொம்பளைக்கு நெலம் இன்னாத்துக்குன்னு தோணிப்போச்சு.”

தென்றல் மாத்திரையைப் பிரித்தாள். அம்மாவிடம் நீட்டினாள். சந்திரகலா தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டிவிட்டு வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

“தேடினேம்மா. முகாம்ல இருக்கேன்னு சொன்னாங்க. நம்பி, தப்பான எடத்துலயே தேடிக்கினு இருந்தேன்.”

“எங்க தேடின?”

“போளூர்ல தேடினேன். ஆரணியில தேடினேன். செங்கத்துல ரெண்டு எடம். வேலூர்ல ஆஸ்பத்திரில எல்லாக் கட்டிலையும் பாத்தேன். சேத்துப்பட்டுல ஒரு அம்மா உன்ன மாதிரியே இருந்தாங்க, ஓடிப்போய் தோளைத் தொட்டுட்டேன். விழுப்புரம் போனேன். பஸ் ஸ்டாண்டுல படுத்திருந்தவங்க போர்வையை எல்லாம் வெலக்கிப் பாத்தேன். ஒருத்தர் அடிக்க வந்துட்டாரு.”

காசியம்மாள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு தண்ணீரைக் குடித்தாள். பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, இப்போதுதான் மகளின் கையைப் பிடித்தாள்.

“இன்னொரு தபா சொல்லு” என்றாள். “மெதுவா சொல்லு. மொதல்ல எந்த ஊருன்ன?”